நாராயணவனத்துச் சுவரில் பதினோரு இலைகள்

திருப்பதி ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோக்காரர் என் சூட்கேஸைப் பிடித்துக்கொண்டு, "தரிசனமா, மொட்டையா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை, மலை வரையக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். அவர் கை சூட்கேஸை விட்டுவிட்டது. "சாமிய பாக்காமயே திரும்பிப் போவீங்களா?" என்றார். அறுபது வயசு அம்மாள் ஒருத்தி இப்படியும் இருப்பாளா என்ற திகில் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அன்றைக்கு மட்டும் ஐந்து பேர் அதே கேள்வியைக் கேட்டார்கள். டீக்கடையில் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர், இட்லி வாங்கின இடத்தில் ஒருத்தி, இன்னொருவர் யாரென்றே தெரியாது, நடந்துகொண்டே கேட்டுவிட்டுப் போனார். ஐந்து பேருக்கும் அதிர்ச்சி. அடுத்த ஐந்து நாளில் நான் வாங்கிய அதிர்ச்சிகளோடு பார்த்தால் அவர்களுடையது ஒன்றுமே இல்லை.

நான் நீடாமங்கலத்துக்காரி. எங்கள் பக்கத்தில் மலை என்று சொல்ல எதுவும் கிடையாது. கோபுரத்தை விட்டால் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிதான் உயரம். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு முப்பத்துமூன்று வருஷம் பிள்ளைகளுக்குப் புவியியல் நடத்தினேன். கரும்பலகையில் மூன்று முக்கோணம் போட்டால் மலைத்தொடர். ஒரு கோடும் நாலு கிளையும் போட்டுக் கீழே புள்ளி வைத்தால் இலையுதிர் காலம். தப்பாகச் சொல்கிற பிள்ளையை உட்கார விட மாட்டேன், சரியாகச் சொல்கிற வரைக்கும் நிற்க வேண்டியதுதான்.

போன வருஷம் மகளைப் பார்க்கக் கனடா போனபோதுதான் நிஜமான இலையுதிர் காலத்தைப் பார்த்தேன். ஒரு தெரு முழுக்க மரங்கள் தணலாக நின்றன, பின்னால் வெள்ளையாக ஒரு மலை. நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன். மகள் பயந்துபோய் முட்டி வலிக்கிறதா என்று கேட்டாள். ஊருக்குத் திரும்பினதும் ஒரே பிடிவாதம், அதை என் கையால் ஒரு தடவையாவது வரைய வேண்டும். அப்போதுதான் போனில் மஞ்சுளா என்ற ஒரு பெண் வரைகிற வீடியோ கண்ணில் பட்டது. உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூட்டைச் சிவப்புப் பெயிண்டில் தோய்த்து டப்டப்பென்று ஒற்றினாள், மரம் வந்துவிட்டது! நம்பரைப் பிடித்துப் பேசினேன். "வாங்க டீச்சரம்மா, அஞ்சு நாள்ல கத்துக்கலாம்" என்றாள்.

திருப்பதியில் இருந்து நாராயணவனத்துக்கு பஸ். பலகை எல்லாம் தெலுங்கு. எனக்குத் தெலுங்கு எழுத்து ஜாங்கிரி மாதிரிதான் தெரியும். யாரையும் கேட்காமல் கௌரவமாக ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வருவதற்குள் தூங்கியும் போனேன். பக்கத்து சீட் அம்மாள் என்னை உலுக்கி எழுப்பி, ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகளைக் காட்டி, "சிகுரு, சிகுரு" என்று சந்தோஷமாக ஏதோ சொன்னாள். நானும் புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். மஞ்சுளாவின் போன் வந்தபோது பஸ் புத்தலப்பட்டில் நின்றிருந்தது.

"எங்க கீறீங்க டீச்சரம்மா?"

சொன்னேன்.

"புத்தலப்பட்டா? அய்யய்யோ, அது சித்தூரு போற ரூட்டு! எறங்குங்க, எறங்குங்க!"

இறங்கினேன். பசி வேறு. எதிரே இருந்த கடையில் கேழ்வரகுக் களி உருண்டையும் வேர்க்கடலைத் துவையலும் கொடுத்தார்கள். களியை நான் மென்றதைப் பார்த்துக் கடைக்காரர் பதறிவிட்டார். கடிக்கக் கூடாதாம், துவையலில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம். விழுங்கினேன். காரம் காது வழியாக வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் நாங்கள் காரம் என்று இத்தனை நாள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகப் போயிற்று. வந்த வழியே திருப்பதிக்குத் திரும்பி, புத்தூர் பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோவில் ஏழு பேரோடும் ஒரு மூட்டை கத்தரிக்காயோடும் நெருக்கியடித்து நாராயணவனம் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

வகுப்பு என்றால் என் மனசில் இருந்தது ஒரு பெரிய அறை, நாலைந்து மாணவர்கள், ஆளுக்கொரு பலகை. மஞ்சுளா கூட்டிக்கொண்டு போனது பாதி பூச்சு காயாத ஒரு புது வீட்டுக்கு. ஹாலில் பதினைந்து அடிக்குப் பத்தடிச் சுவர், அதன் முன்னால் மூங்கில் சாரம். மாணவி நான் ஒருத்திதான்.

"ஏம்மா, பேப்பர்ல வரையறது இல்லையா?"

"பேப்பரு எனக்கு வராது. செவுரு தான் வரும். ஏறுங்க."

"நானா? இந்த மூங்கில்லயா?"

"வுழுந்தா கூட பயப்படாதீங்க. எலும்பு முறிஞ்சா புத்தூரு கட்டு போடற எடம் பக்கத்துல தான் கீது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மஞ்சுளாவுக்கு முப்பத்துநாலு வயசு இருக்கும். சத்தியவேடு பக்கத்து எல்லைக் கிராமம். அப்பா, அம்மா இரண்டு பேரும் கூலிக்குப் போனவர்கள். சித்தூரில் ஒரு பெயிண்டரிடம் எட்டு வருஷம் கலர் கலந்து கொடுத்தாள். மலையும் மரமும் பாதிக்கு மேல் இவள்தான் போடுவாளாம், கடைசியில் மூலையில் அவர் பேரை எழுதிவிட்டுப் போய்விடுவாராம். போன மாசம்தான் அங்கிருந்து விலகினாள். இந்தச் சுவர்தான் அவள் பேரில் வருகிற முதல் சுவர். வெள்ளிக்கிழமை காலை கிரகப்பிரவேசம், நாராயணவனமும் புத்தூரும் திரண்டு வந்து பார்க்கும். "இது நல்லா வந்துச்சின்னா நாலு வூட்டுல கூப்புடுவாங்க. சொதப்பிச்சின்னா நா மறுபடியும் சித்தூருக்கு போயி அந்தாளு டப்பாவ கழுவணும்" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வீட்டுக்காரர் முனிரத்தினம், பல தலைமுறையாக அந்தப் பக்கம் இருக்கிற தமிழ் விவசாயக் குடும்பம், வீட்டுக்குப் பின்னாலேயே ஐந்து ஏக்கர் மாந்தோப்பு. மனைவி சுகுணா. பெங்களூரில் இருக்கிற மகள் ஹேமாவுக்கு ஏழாம் மாசம். கிரகப்பிரவேசம் முடிந்து அடுத்த வாரம் அதே ஹாலில் வளைகாப்பு. சுவருக்குப் படம் தேர்ந்தெடுத்தது ஹேமா. போனில் இருந்து அனுப்பியிருந்தாள்: பனி மலை, ஏரி, கரையில் சிவப்பும் மஞ்சளுமாக மரங்கள். கனடாவில் நான் நின்று அழுத அதே காட்சி!

செவ்வாய்க்கிழமை வானம் போட்டோம். மேலே கெட்டி நீலம், கீழே வரவர வெளுப்பு. அப்புறம் மலை. நான் போட்டதைப் பார்த்து மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா டீச்சரம்மா, சமோசா அடுக்கி வெச்சிக்கிறீங்க!"

முப்பத்துமூன்று வருஷத்துக் கை, முக்கோணத்தைத் தவிர வேறு எதற்கும் வளையவில்லை. அவள் என்னை மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தூரத்தில் நகரி மலை, படுத்திருப்பவன் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. "அதுக்கு முதுகு கீது பாருங்க. ஒரு பக்கம் வெயிலு, ஒரு பக்கம் நெழலு. தூரமா கீறது வெளுத்துப்போய்த் தெரியும், கிட்ட கீறது அழுத்தமா தெரியும். அவ்ளோ தான் மலை." அப்படியானால் இதையே சுவரில் போட்டால் என்ன, எதற்குப் பனி மலை என்று கேட்டேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "ஜன்னல தொறந்தா தெரியிறத யாராவது செவுத்துல கேப்பாங்களா?"

கீழே வந்து பட்டைக் கத்தியால் வெள்ளையை இழுத்துப் பனி படியவிட்டேன். நாலாவது தடவையில் ஒரு சரிவு சரியாக விழுந்தது. அடேயப்பா! என் கையில் இருந்து மலை வந்துவிட்டது. சாரத்தின் மேலேயே உட்கார்ந்து மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன்.

புதன்கிழமை மரம். பீர்க்கங்கூட்டை நனைத்துப் பிழிந்து, கொஞ்சமாகக் கலர் தொட்டு, திருப்பித் திருப்பி ஒற்ற வேண்டும். ஒரே பக்கமாக ஒற்றினால் முத்திரை குத்தின மாதிரி ஆகிவிடும். முதலில் இருட்டுச் சிவப்பு, அதன்மேல் ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள். "மஞ்ச எங்க போடணும்னு மட்டும் யோசிங்க. சாயங்கால வெயிலு எங்க படுதோ அங்க தான். சாயங்கால வெயிலு பட்டா எந்தக் கலரும் செவப்பா மாறிடும்" என்றாள். மதியம் சுகுணா கோழிக் குழம்பும் களியும் கொண்டுவந்தார். நான் மெல்லாமல் விழுங்கினதைப் பார்த்து, "டீச்சரம்மா நம்ம ஊரு ஆளாயிட்டாங்க, துன்னுங்க, துன்னுங்க" என்று இன்னொரு உருண்டை வைத்தார். நல்ல மனுஷி. அவருக்குத்தான் அடுத்த நாள் நான் அப்படி ஒரு இடியை இறக்கினேன்.

வியாழக்கிழமை காலை சிவப்பு தீர்ந்துவிட்டது. மஞ்சுளா வாங்கிவரத் திருப்பதிக்குக் கிளம்பினாள். போகும்போது, "அந்தக் கடைசி ரெண்டு மரத்துக்கும் அடியில புல்லு போட்டுக்கினு இருங்க. வேற எதயும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

புல் போட்டேன். போட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். ஏதோ குறைந்தது. இலையுதிர் காலம் என்கிறோம், ஒரு இலைகூட உதிரவில்லையே! பிள்ளைகள் இப்படிப் படம் போட்டுக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். சின்ன பிரஷை எடுத்து, டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சிவப்பைச் சுரண்டினேன். ஏரிக்கு மேலே காற்றில் ஒரு இலை போட்டேன். நன்றாக இருந்தது. இன்னொன்று. எண்ணிப் பதினோரு இலைகள் போட்டேன். கடைசி மரத்தின் ஒரு பக்கத்துக் கிளைகளை வானக் கலர் அடித்து மொட்டையாகவும் ஆக்கினேன். என் ஆயுசில் அவ்வளவு திருப்தியாக எதையும் செய்ததில்லை.

அந்த நேரத்தில் சுகுணா மோர் கொண்டுவந்தார். சுவரைப் பார்த்து நின்றார்.

"எவ்ளோ அயகா கீது! இது இன்னா பூவு டீச்சரம்மா? ஐஸு கீற ஊருல தான் பூக்குமா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டில் அத்தனை பேரும் அதைப் பூ என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மயில்கொன்றை மாதிரி ஏதோ ஒரு சீமைப் பூ. தப்பான விடையைக் கேட்டுவிட்டு நான் சும்மா இருப்பேனா?

"பூ இல்லம்மா, அதெல்லாம் இலை. குளிர் வரதுக்கு முன்னாடி மரம் இலைக்குச் சத்து அனுப்பறத நிறுத்திடும். பச்சை செத்துப் போயிடும். அப்பதான் இந்தச் சிவப்பு தெரியும். அப்புறம் ஒவ்வொண்ணா உதிர்ந்து, கடைசியில மரமே மொட்டையா நிக்கும். இந்தா பாருங்க, அதத்தான் போட்டிருக்கேன்."

சுகுணா கையில் இருந்த டம்ளர் சாய்ந்து மோர் தரையில் ஓடியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. ஒரு விரலை நீட்டி இலைகளை ஒவ்வொன்றாக எண்ணுகிற மாதிரி காட்டினார்.

"சாவற எலையா?"

"ஆமா."

"எம் பொண்ணு மாசமா வந்து இந்த செவுத்துக்கு முன்னாடி தான மணையில குந்தப்போறா" என்றார். "புது வூட்டுல, பால் பொங்கறதுக்கு முன்னாடி, எல உதிர்ற மரமா?"

திரும்பிப் போய்விட்டார். என் மூளை போன போக்கைச் சொன்னால் வெட்கக்கேடு. பாடம் அவர் மனசைத் தொட்டுவிட்டது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

கால் மணியில் முனிரத்தினம் வந்தார், கையில் வெள்ளைப் பெயிண்ட் வாளியும் ரோலரும். "தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சரம்மா. சுகுணா அயுதுகினே கீறா. சோறு துன்ன மாட்டேங்கறா. செவுரு வெள்ளையாவே இருந்துட்டு போவட்டும்" என்று சொல்லிவிட்டு இடது ஓரத்தில் ஆரம்பித்தார். ஒரு இழுப்பு. நான் நாலு தடவை முயன்று கொண்டுவந்த மலைச்சரிவு போயிற்று. இரண்டாவது இழுப்பில் அதன் அடிவாரமும் போயிற்று. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மஞ்சுளா வரட்டும், அவள் வருகிற வரைக்குமாவது நிறுத்துங்கள் என்று கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சி வருஷக் கணக்காகிறது. மூன்றாவது இழுப்போடு நிறுத்திவிட்டு அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மஞ்சுளா பெயிண்ட் டப்பாவோடு உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தாள், தரையில் காய்ந்த மோரைப் பார்த்தாள், காற்றில் இருந்த இலைகளைப் பார்த்தாள்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"நா போவும்போது இன்னா சொன்னேன்?"

"புல் மட்டும்..."

"அப்பறம் உங்கள யாரு எல போட சொன்னது? யாரு வாய தொறக்க சொன்னது? அவுங்க பூவுன்னு நெனச்சா நெனச்சிட்டு போறாங்க, உங்களுக்கு இன்னா போவுது?" கத்தினாள். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வெள்ளைய அடிச்சிட்டாங்கன்னு நாளைக்கு ஊரு பூரா தெரியும். கிரகப்பிரவேசத்துல அபசகுனமா வரஞ்சவன்னு பேரு வந்துட்டா எவன் எனக்கு செவுரு குடுப்பான்? எட்டு வருஷம் டீச்சரம்மா. எட்டு வருஷம்."

என்ன சொல்ல முடியும்? விஞ்ஞானப்படி நான் சொன்னது சரி என்றா? ஒருத்தி பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு விஞ்ஞானமாம்! நான் தங்கியிருந்த முனிரத்தினத்தின் பழைய வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினேன். கிரகப்பிரவேசத்துக்குக் கட்டிக்கொள்ள ஒரு பட்டுப் புடவை கொண்டுவந்திருந்தேன். அதை இனி யாருக்குக் கட்டுவது என்று பெட்டியின் அடியில் திணித்தேன். அழுகை வந்தது, அழுதேன்.

பஸ் நிற்கிற ரோட்டுக்குத் தோப்பு வழியாகக் குறுக்கு வழி. யார் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்று அதில் இறங்கினேன். பத்து மரம் தாண்டியிருப்பேன். அப்படியே நின்றுவிட்டேன்.

நாலு மணி வெயில் தோப்புக்குள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு மாமரத்தின் நுனியும் சிவப்பு. செம்புச் சிவப்பு, ஆரஞ்சுச் சிவப்பு, வெயில் பட்ட இடத்தில் மஞ்சள். கனடாவில் நின்று அழுத அதே தெரு, நாராயணவனத்தில்! மூன்று நாளாக மொட்டை மாடியில் நின்று நகரி மலையை மட்டும் பார்த்த நான், காலடியில் இருந்த இதைப் பார்க்கவில்லை. அந்த பஸ் அம்மாள் உலுக்கி எழுப்பிக் காட்டினாளே, அதுவும் இதைத்தானா? பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தேன். அடியில் திணித்த புடவையை வெளியே இழுத்தேன். கடையில் கேட்டு வாங்கின கலர். மாந்தளிர். ஒரு கொழுந்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்.

இருபது வருஷமாக என் பீரோவில் இருக்கிறது இந்தப் புடவை. சிவப்பு இலை என்றால் சாகிற இலை என்று பாடம் நடத்தின பள்ளிக்கூடத்துக்கே இதைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.

கொத்தாக ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். அறுபது வயசில் ஓடினேன். பெட்டி தோப்பிலேயே திறந்து கிடந்தது. வாசலில் முனிரத்தினம் எழுந்து நின்றார்.

"சார், இது என்ன?"

"மாங்கொழுந்து." அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தெலுங்குல சிகுருன்னுவோம். எதுக்கு டீச்சரம்மா ஒடிச்சிகினு வந்தீங்க?"

"இது நல்லதா, கெட்டதா?"

"இன்னா கேள்வி இது? காய் பறிச்ச பின்னாடி ஆவணி மழைக்கு இப்பிடி கொழுந்து வுட்டா தான் வர்ற வருசம் நல்ல காய்ப்பு. இத பாத்துட்டு தான நைட்டுல நிம்மதியா தூங்கறோம்."

அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். சுகுணாவைக் கூப்பிடச் சொன்னேன். கண் வீங்கிப்போய் வந்தார். மஞ்சுளா தரையில் உட்கார்ந்தபடியே என்னை முறைத்தாள். நான் கிளையைச் சுவரில் இருந்த மரத்தோடு ஒட்டி வைத்துப் பிடித்தேன். நிஜக் கொழுந்து எங்கே முடிகிறது, பெயிண்ட் எங்கே ஆரம்பிக்கிறது என்று சட்டென்று பிரிக்க முடியவில்லை.

மஞ்சுளாவுக்கு அரை நொடியில் விளங்கிவிட்டது. துள்ளி எழுந்தாள். "அக்கா, எனக்கு ஒரு ராத்திரி குடுங்க. மரத்த குண்டா, கொட மாதிரி மாமரமா ஆக்கிடறேன். அடியில எல்லாம் பச்சை, நுனியில கொழுந்து. உங்க தோப்பே தான்."

"விடிஞ்சா பால் காய்ச்சணும்" என்றார் சுகுணா.

"ஏழரைக்குத் தான முகூர்த்தம்? ராத்திரியோட மரத்த முடிக்கிறேன். காலையில மீதி."

சுகுணா என் கையில் இருந்த கிளையை வாங்கினார். ஒரு கொழுந்தைக் கிள்ளி முகர்ந்தார். சுவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அந்த உதிர்ற எலைங்க?"

"அத டீச்சரம்மா போட்டாங்க, அவுங்களே மூடுவாங்க" என்றாள் மஞ்சுளா.

மூடினேன். வானக் கலர் கலந்து, ஒவ்வொரு இலையாக, பள்ளிக்கூடத்தில் இம்போஸிஷன் எழுதுகிற பிள்ளை மாதிரி. நான் மொட்டை அடித்த கிளைகளுக்கு நானே பீர்க்கங்கூட்டால் கொழுந்து ஒற்றினேன். முனிரத்தினம் இழுத்த மூன்று வெள்ளைப் பட்டையை என்ன செய்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது மஞ்சுளா ஈரத்துணியால் அதன் ஓரங்களைக் கரைத்துவிட்டாள். மலைத்தோளில் பனிமூட்டம் இறங்கின மாதிரி ஆகிவிட்டது. முன்னால் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்பதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலை. தோப்பில் கிடந்த பெட்டியை முனிரத்தினம் எடுத்துவந்து கொடுத்திருந்தார். மாந்தளிர்ப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பால் பொங்கியது. ஹேமா மூச்சு வாங்க வந்து சுவரைப் பார்த்து, "நா அனுப்ச்ச போட்டோ இது இல்லியே!" என்றாள். "நைனா, நம்ம தோப்பா இது? நம்ம தோப்பு தான்!" என்று அடுத்த வார்த்தையிலேயே கைதட்டினாள்.

கூட்டம் கூடியது. புரோகிதர் தாம்பூலத்தை மடியில் கட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் வந்தார். "மாமரம் சரி. மாமரம் காய்க்கிற இடத்துல பனி மலை எப்படி? எங்கேயாவது இருக்கா?"

"எங்க டீச்சரம்மா அந்தப் பாடம் தான் நடத்தினவங்க. அவுங்கள கேளுங்க" என்றார் முனிரத்தினம் பெருமையாக.

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. கிடையாது. நான் நடத்தின எந்தப் பாடத்திலும் இப்படி ஒரு இடம் கிடையாது. மஞ்சுளா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது. மூலையில் அவள் பேர் இருந்தது, தமிழில் ஒரு தரம், தெலுங்கில் ஒரு தரம், பெயிண்ட் இன்னும் ஈரம்.

"இருக்கு" என்றேன். "நான் நேர்லயே பார்த்தேன்."

புரோகிதர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பாடா என்று நான் திரும்பின நேரத்தில், புத்தூரில் இருந்து வந்திருந்த ஒரு அம்மாள் சுவரை நெருங்கி ஏரிக்கு மேலே விரலை வைத்தாள். "இது இன்னாது? செவப்பா, காத்துல?"

பார்த்தேன். பத்துதான் மூடியிருக்கிறேன். பதினோராவது இலை அப்படியே ஏரிக்கு மேலே மிதந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்தேன், ஒரு பொய்க்கு மேல் எனக்கு வரவில்லை. மஞ்சுளாவும் அப்போதுதான் அதைப் பார்த்தாள்.

சுகுணா பாயசப் பாத்திரத்தோடு எங்கள் நடுவில் வந்தார். இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் இலையைப் பார்த்தார்.

"கிளி" என்றார்.

"கிளி பச்சையா இல்ல இருக்கும்?"

"சாயங்கால வெயிலு பட்டுக்கீது, தெரியல? தோப்புன்னா கிளி வராதா பின்ன?" என்று அதட்டிவிட்டு என் டம்ளரில் பாயசத்தை ஊற்றினார். ஊற்றிக்கொண்டே என் காதுக்குள், "நீங்க வாய தொறக்காதீங்க, இத குடிங்க" என்றார்.

குடித்தேன். புத்தூர் அம்மாள் இன்னும் நெருங்கிப் போய்க் கிளியைப் பார்த்தாள். அப்புறம் மஞ்சுளாவிடம் போய், தை மாசம் தன் மகன் வீடு முடிகிறது என்றும், இதே தோப்பு, இதே மலை வேண்டும் என்றும் சொன்னாள்.

"ஆனா எனக்கு கிளி ரெண்டா வேணும்" என்றாள்.